விரைந்து வளரும் கழலையும் விரைந்து கரைக்கும் மருந்தும்

புற்றுநோய் என்றவுடன், மெல்ல மெல்ல உடலை அரிக்கும் பிணி ஒன்றையே நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட நோய் அவ்வியல்பினது அன்று. பர்க்கிட் நிணநீர்ப் புற்று எனப்படும் இவ்வரிய நோயில், கழலையின் உயிரணுக்கள் ஓரிரு நாட்களிலேயே இருமடங்காகப் பெருகவல்லவை. சில வாரங்களுக்குள் ஒரு குழந்தையின் முகமே உருமாறிப் போவதும் உண்டு.

1957ஆம் ஆண்டில், உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில், தாடையின் நான்கு மூலைகளிலும் வீக்கங்கொண்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர் கண்டார். மறு ஆண்டே இந்நோயைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். 1961இல் நண்பர் இருவருடன், பழைய மோட்டார் வண்டி ஒன்றில், ஆப்பிரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றி, எவ்வெவ்வூரில் இந்நோய் உண்டு, எங்கே இல்லை என்று கேட்டறிந்தார். வெப்பமும் மழையும் மிக்க, மலேரியா பரவிய நிலங்களிலேயே அது மிகுதி என்று புலப்பட்டது. அவர் அனுப்பிய கழலைத் துணுக்குகளிலிருந்தே, 1964இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்னும் மூவர் இலண்டனில் ஒரு புதிய வைரஸைக் கண்டனர்.

இவர் கத்தி பிடித்தவர். எனினும் கத்தி இங்கே பயன்படவில்லை. நோய் ஓரிடத்தில் நில்லாது. கதிர்வீச்சுக் கருவியோ அங்கில்லை. ஆகவே மருந்துகளை நாடினார். சைக்ளோபாஸ்பமைடு சில வேளைகள் ஏற்றிய அளவிலேயே, சில குழந்தைகளின் வீக்கம் சில நாட்களில் கரைந்தது. இதன் காரணத்தை அறிவது நன்று. இம்மருந்துகளிற் பல, பிளவுபட்டுக்கொண்டிருக்கும் அணுவையே தாக்குவன. எனவே எந்த வேகத்தால் இந்நோய் கொடிதாயிற்றோ, அந்த வேகமே அதன் பலவீனமும் ஆகும். உடன் பயன்படும் வின்கிரிஸ்டின், நம் ஊர்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. அதற்காக அச்செடியைக் கஷாயமிட்டு அருந்திவிடலாகாது, அது நஞ்சு.

அபாயமும் இவ்வேகத்தினின்றே பிறக்கிறது. கோடிக்கணக்கான அணுக்கள் ஒருங்கே மடியும்போது, அவற்றுள் இருந்த பொட்டாசியம் முதலியன இரத்தத்தில் பாய்கின்றன. யூரிக் அமிலம் பெருகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. இதயம் நின்றுவிடவும் கூடும். இதனை எதிர்நோக்கி, மருத்துவர் முதலில் நரம்பு வழியே நீரை நிறைய ஏற்றி, அல்லோபியூரினால் அல்லது ராஸ்புரிகேஸ் தந்து, சிறு அளவு மருந்துடன் தொடங்குவர். பின்வரும் நாட்களில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது தோன்றும் காய்ச்சலை ஒரு மணி நேரமும் அலட்சியம் செய்தலாகாது. மூளையைக் காக்க மெத்தோட்ரெக்சேட்டை முதுகுத்தண்டின் நீரில் செலுத்துவர். வின்கிரிஸ்டினைத் தவறியும் அவ்வழியே செலுத்தினால் உயிர் தப்புதல் அரிது. ஆதலால் அதனை ஊசிக்குழலில் வைக்காமல், சிறு உப்புநீர்ப் பையிற் கலந்து வைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

பயன் யாது? 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் இந்நோய் முற்றிய குழந்தைகளும் இளையோருமாகிய 328 பேருக்குச் சிகிச்சை அளித்தனர். ரிட்டக்சிமாபும் சேர்த்துப் பெற்றவருள் நூற்றுக்கு 94 பேர் மூன்றாண்டுகள் கழித்தும் நோய் திரும்பாதிருந்தனர். சேர்க்காதவருள் 82 பேர். வயது வந்தோர் கடுஞ்சிகிச்சையை அத்துணை எளிதில் தாங்கார். அவர்களுக்கு, மருந்தை நான்கு நாட்கள் இடைவிடாது மெல்லச் செலுத்தும் முறை ஒன்றை அமெரிக்காவில் 113 பேரிடம் சோதித்தனர்; நான்காண்டுக்குப் பின் நூற்றுக்கு 87 பேர் உயிருடன் இருந்தனர்.

நோய் மிகுந்த ஆப்பிரிக்காவிலோ பல இடங்களில் பாதிப்பேர் பிழைப்பதே அரிது. இரத்த வங்கியும் சோதனைச் சாலையும் இல்லாத இடத்தில் மருந்தின் அளவைக் கூட்டினால் மருந்தே கொல்லும்; ஆகவே அங்கே மிதமான அளவே தருவர். வீக்கம் வற்றியதும் குழந்தையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடும் பெற்றோரும் பலர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மருத்துவமனை நூறு மைலுக்கு அப்பால் உள்ளது, வீட்டில் ஏனைய குழந்தைகள் காத்திருக்கின்றன. இதனாலேயே சில சிகிச்சைத் திட்டங்களில், மருந்தின் செலவோடு பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றனர்.