பழைய வண்டியின் துரு

மும்பையில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு காலத்தில் பத்மினி வண்டி நின்றது. கல்கத்தாவில் அந்த இடம் அம்பாஸடருக்கு. உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மும்பை வாடகை வண்டிகளில் கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரில் விடைபெற்றது. ஆயினும், விற்க மனமின்றி அவற்றைப் பேணி வருவோர் இன்னும் உளர். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

ஒரு மழைக்காலத்தில் பின் இருக்கையில் அமர்ந்திருந்த தாயாரின் புடவை நனைந்தது. கதவும் கண்ணாடியும் மூடியே இருந்தன. ரப்பர் விரிப்பைத் தூக்கினோம். கீழே சாலை தெரிந்தது! முந்திய ஆண்டுதான் ஒரு பட்டறையில் பணம் கொடுத்துப் புது வர்ணம் பூசியிருந்தோம். கதவின் அடியில் பட்டியைத் தட்டிப் பெயர்த்தபோது, உள்ளே தகட்டிற்குப் பதிலாகச் சுருட்டித் திணித்த கோணித்துணி இருந்தது.

இதை வெறும் அழகுக் குறையென்று தள்ளிவிடலாகாது. லாரிக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. இவ்வகைக் கார்களுக்கு அது கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதியுமே வண்டியின் எலும்புக்கூடு. கதவின் ஓரம் துருவேறினால் பார்வைக்குத்தான் கேடு. வில்கள் பொருத்தப்பட்டுள்ள இடம் துருவேறினால் உயிருக்கே கேடு.

ஆகவே முதலில் சோதனை. திருப்புளியின் கைப்பிடியால் தட்டுக. நல்ல தகடு கணீரென்னும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். துணி சுற்றிய காந்தத்தை வைத்தால், தடித்த பட்டியின் மேல் அது பற்றாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காந்தத்தை மறவாதிருப்பது நலம்.

மேலோட்டமான துருவாயின், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தகடு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். குழிகளில் தங்கும் துருவிற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் உதவும். அது துருவைக் கெட்டியான பாஸ்பேட் படலமாக மாற்றுகிறது. தில்லி அன்பர்கள் மெஹ்ரௌலி இரும்புத் தூணைப் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் அது நிலைத்திருப்பதற்கு அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸே பெருங்காரணம் என்பர். நம் வண்டிக்கு அந்த ஆயுள் கிட்டாது! கைக்கு உறையிட்டு வேலை செய்து, நன்கு உலர்ந்த பின், அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் பூசிவிட வேண்டும். கடற்காற்றில் வெறுந்தகடு ஓரிரவில் பழுப்பேறும். பிரைமரோடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவோரும் உண்டு. அப்பூச்சு ஈரத்தை உள்ளே விடும், மேல்வர்ணமும் இன்றியமையாதது.

துளை விழுந்திருந்தால் பட்டி பயன்படாது. நல்ல தகடு எட்டும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அதற்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. அருகில் வேலையெனில் பெட்ரோல் தொட்டியையும் இறக்கிவிடுக. கதவடிப் பகுதியை வெட்டும்போது வண்டிக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம் தொட வேண்டும். இல்லையேல் உடல் தொய்ந்து கதவுகள் மூடா. எங்கள் வண்டியில் இதற்கான கூலி வண்டியின் விலையையே விஞ்சியது; தந்தையார் ஒன்றும் பேசாமல் கொடுத்தார். தரை, கதவடி, வில் பொருந்துமிடம் மூன்றும் போன வண்டியானால், கைவிடுவதே மேல் என்போம்.

பற்றவைத்த தையல்களின் உட்புறம் தூரிகை எட்டாது. வர்ணம் காய்ந்தபின் அங்கே மெழுகுக் கலவையைப் பீய்ச்சுவது நன்று. துருவின் மேலேயே தார் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும். கழிவு எண்ணெய் அடிக்கும் பழைய வழக்கமோ ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு; அவை அடைபட்டால் கதவே தொட்டியாகிவிடும். தாயார் தம் கொண்டை ஊசியொன்றை அதற்கென்றே வண்டியில் போட்டுவைத்திருக்கிறார்.