மணமேடையும் மின்கலப் பிடியும்



திருமண வீட்டில் ஒருமுறைக்கு மேல் நிகழாதவை சில உண்டு. மணமக்கள் மாலை மாற்றுவதைப் படத்திற்காக மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டே இசைவர். தாலி கட்டுவதை மீண்டும் செய்யுங்கள் என்று யாரும் கேட்பதற்கில்லை. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பொழிகிறது, மூன்று முடிச்சும் விழுந்துவிடுகின்றன. இவையெல்லாம் நிகழ ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் காமிராவின் மின்சாரம் தீர்ந்துபோகுமானால், இழந்த படத்தை எடுக்க இன்னொரு முகூர்த்தம் வாய்க்காது.

இந்த இடர் நேராமல் காக்கும் ஒரு சிறு துணைக்கருவியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். புகைப்படத் தொழிலில் உள்ளவர்கள் அதனைப் ‘பாட்டரி கிரிப்’ என்று வழங்குகின்றனர். நாம் அதனை மின்கலப் பிடி எனலாம். கல்லூரியில் பயிலும்போதே விடுமுறை நாட்களில் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் படமெடுத்துப் பொருளீட்டும் இளைஞர் பலர் உளர். ஒரு கருவிக்குப் பணம் கொடுக்குமுன், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிதல் கற்றவர்க்கு அழகன்றோ?

மின்கலப் பிடி காமிராவின் அடிப்பாகத்தில் பொருந்துவது. முக்காலியைப் பிணைப்பதற்குரிய திருகு துளையிலேயே இதுவும் திருகப்படுகிறது. சில வகைகளில், காமிராவினுள் உள்ள மின்கலத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்த அறைக்குள் பிடியின் தண்டைச் செருகவேண்டும்; இரண்டு மின்கலங்கள் பிடிக்குள் அமரும். வேறு சில வகைகளில், காமிராவின் மின்கலம் இருந்த இடத்திலேயே இருக்க, பிடிக்குள் மற்றொன்று சேரும். எவ்வாறாயினும் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு ஆகின்றன.

இதற்கு ஒரு முன்னோர் உண்டு. 1959ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நிக்கான் நிறுவனம் ‘நிக்கான் எஃப்’ என்ற காமிராவை வெளியிட்டது. அதன் அடியில் ‘எஃப்–36’ என்னும் மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு படம் எடுத்ததும் பிலிம் சுருளைக் கையால் நகர்த்தும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. இன்று பிலிமும் இல்லை, அதனை நகர்த்தும் மோட்டாரும் தேவையில்லை. ஆயினும் காமிராவுக்கு அடியில் வலிமை சேர்க்கும் அந்த அமைப்பு மின்கலப் பிடியாக நிலைத்துவிட்டது எனலாம்.

மின்சாரம் ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது? பழைய முறைக் காமிராவில் உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது. காட்சியை அக்கண்ணாடியே நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டியது. வெறுமனே பார்ப்பதற்கு மின்சாரம் பெரிதும் செலவாகவில்லை. இக்காலத்துக் கண்ணாடியில்லாக் காமிராவிலோ, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் உணரியும் சிறு திரையும் இயங்கியவண்ணம் இருக்கின்றன. 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 என்ற கண்ணாடிக் காமிராவுக்கு ஒரு மின்கலத்தில் 950 படங்கள் எனக் கணக்கிட்டனர். 2013இல் வந்த சோனி ஏ7 என்ற கண்ணாடியில்லாக் காமிராவுக்குக் கணக்கு 340 படங்களே. பின்னர் 2018இல் வந்த ஏ7–3 காமிராவில், பெரிய மின்கலத்தின் உதவியால், இத்தொகை 710 ஆக உயர்ந்தது. இவை ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில் கண்ட அளவுகள். தொடர்ச்சியாகப் படம் எடுக்கையில் எண்ணிக்கை கூடும். எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியுமுன் சடங்குகள், பின்பு முகூர்த்தம், பந்தி என்று நீளும் நம் திருமணத்தில் படங்கள் ஆயிரக்கணக்கில் பெருகுவது இயல்பு.

இங்கே உங்கள் பௌதிகப் பாடத்தை நினைவுகூருங்கள். இரண்டு மின்கலங்களைத் தொடரிணைப்பில் இணைத்தால் மின்னழுத்தம் கூடும். பக்க இணைப்பில் இணைத்தால் அழுத்தம் மாறாமல், மின்சாரம் நீடிக்கும் காலம் மட்டும் கூடும். சோனி ஏ7–3இன் மின்கலம் 7.2 வோல்ட் அழுத்தமும் 2280 மில்லி ஆம்பியர்–மணிக் கொள்ளளவும் உடையது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 16.4 வாட்–மணி ஆற்றல் கிடைக்கும். பிடியில் இரண்டை இட்டால் ஆற்றல் 32.8 வாட்–மணி ஆகும். அழுத்தமோ அதே 7.2 வோல்ட்தான். ஆகவே காமிரா இரு மடங்கு நேரம் உழைக்கும். இரு மடங்கு விரைவாக உழைக்காது.

இதற்கு விலக்குப்போலத் தோன்றும் ஒன்றும் உண்டு. 2017இல் வெளிவந்த நிக்கான் டி850 தனித்து நொடிக்கு 7 படங்கள் எடுக்கும். அதற்குரிய பிடியில் 10.8 வோல்ட் கொண்ட பெரிய மின்கலத்தை இட்டால் நொடிக்கு 9 படங்கள் எடுக்கும். விரைவு கூடியதற்குக் காரணம் மின்கலங்களின் எண்ணிக்கை அன்று, அழுத்தமே என்பதை நோக்குங்கள். வகுப்பறையில் டார்ச் செல்களை வைத்துக் கற்ற உண்மையே மணமேடையிலும் ஆட்சி செய்கிறது.

மின்கலப் பிடியின் இரண்டாவது பயன், அதன் பெயரிலேயே உள்ள ‘பிடி’. மணமக்கள் நின்ற கோலத்தைத் தலைமுதல் கால்வரை எடுக்கக் காமிராவை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். அப்போது ஷட்டர் பொத்தான் மேற்பக்கம் போய்விடுவதால் வலக்கையின் முழங்கை அந்தரத்தில் உயர்கிறது. உயர்ந்த கை விரைவில் சோர்ந்து நடுங்கும். நடுங்கினால் படம் மங்கும். அதுமட்டுமன்று; பின்வரிசையில் அமர்ந்து மேடையைப் பார்க்கும் பெரியோர்களையும் அம்முழங்கை மறைக்கும். மின்கலப் பிடியின் ஓரத்தில் மற்றொரு ஷட்டர் பொத்தான் உண்டு. அதனைப் பயன்படுத்தினால் காமிரா நிமிர்ந்திருந்தும் கை விலாவோடு ஒட்டியே இருக்கும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய லென்சைப் பூட்டியிருக்கையில், கீழே அமைந்த இப்பிடி கைக்குள் நன்கு நிறைந்து சமநிலை தருவதையும் உணரலாம்.

இனி, அது செய்யாதவற்றையும் சொல்லவேண்டும். காமிராவின் தலைமேல் பொருத்தும் பிளாஷ் விளக்கு தனக்குரிய மின்கலங்களாலேயே எரிகிறது. அதற்கு இந்தப் பிடி உதவாது. மங்கிய ஒளியில் எடுத்த படத்தை இது தெளிவாக்காது. எடையோ கூடும்: பிடியும் கூடுதல் மின்கலமும் சேர்ந்து 300 கிராமுக்கு மேல் ஏறும் வகைகள் உண்டு. காலைமுதல் நண்பகல்வரை தூக்கி நிற்கும் மணிக்கட்டுக்கு அது சிறு சுமையன்று. மெலிந்த கையுடையோர் வாங்குமுன் ஒரு மணி நேரமேனும் பிடித்துப் பார்த்தல் நலம்.

“ஒரு மின்கலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பள்ளி ஆண்டு விழா, கருத்தரங்கு, நாட்டிய அரங்கேற்றம் ஆகியவற்றில் ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு உண்டு. அங்கே சட்டைப் பையே போதும். மின்கலத்தை மாற்ற அரை நிமிடம் ஆகும். அரை நிமிடம் வாழ்க்கையில் சிறிது. தாலி கட்டும் வேளையில் அதுவே முழு நிகழ்ச்சி. தனி ஒருவராகத் திருமணத்தைப் படமெடுக்கப் பொறுப்பேற்றவர்க்கு மின்கலப் பிடி ஆடம்பரமன்று என்பதே என் கருத்து. தம்முடன் இன்னொரு காமிராவும் உதவியாளரும் உடையவர் அதனைத் தவிர்க்கலாம்.

வாங்கியோர் கவனிக்கவேண்டியவை நான்கு. முதலாவது, திருகு தளர்ந்தால் மின்தொடர்பு அறுந்து காமிரா நின்றுவிடும்; மேடை ஏறுமுன் திருகைச் சோதியுங்கள். இரண்டாவது, நிமிர்ந்த நிலைக்குரிய பொத்தானுக்கு ஒரு பூட்டு உண்டு. காமிராவைக் கிடையாகப் பிடிக்கும்போது உள்ளங்கை பட்டு அது அழுந்தாதபடி பூட்டிவையுங்கள். மூன்றாவது, ஒரே வயதுடைய இரு மின்கலங்களுக்கு 1, 2 என எண்ணிட்டு, முதல்நாள் இரவே இரண்டையும் முழுமையாக மின்னேற்றுங்கள். நான்காவது, உங்கள் பிடி சாதாரண செல்களை ஏற்குமா என்று அறிந்துகொள்ளுங்கள். கேனான் 5டி மார்க் 3க்குரிய பிடியில் கடையில் விற்கும் சிறு ஆல்கலைன் செல்கள் ஆறினை இட்டும் படமெடுக்கலாம். மின்னேற்றியை மறந்து வெளியூர் சென்ற நாளில் அது கைகொடுக்கும்.

ஒரு குடும்பத்தார் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு ஒரு திருமணம் நடத்துகின்றனர். பந்தல் பிரிக்கப்படும், பூக்கள் வாடும், விருந்தினர் ஊர் திரும்புவர். எஞ்சுவது படமே. பேத்தியின் தலையில் நடுங்கும் கையால் அட்சதை தூவும் பாட்டி, அடுத்த ஆண்டு இல்லாமற் போகலாம். அவர் முகத்தைக் காக்கும் கடமையை ஓர் இளைஞரிடம் அக்குடும்பம் நம்பி ஒப்படைக்கிறது. அந்த நேரத்தில் அவர் கண் மின்கலத்தின் அளவைக் காட்டும் குறியின்மேல் அன்று, அம்முகத்தின்மேல் இருத்தல் வேண்டும். அவ்வாறு கவனத்தை விடுவித்துத் தருவதே மின்கலப் பிடியின் தலையாய பயன். கருவி தன் கடமையைச் செய்யட்டும். அதனை முதல்நாள் இரவே ஆயத்தம் செய்யும் கடமை உங்களுடையது.