முன்னோர் விட்டுச்சென்ற ஆய்வுச் செல்வம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கல்வி விழா மேடைகளில் நாம் வழக்கமாகக் கேட்டு மகிழும் செய்தி ஒன்று உண்டு. உலகுக்கு அறிவியலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நம் முன்னோரே என்பதுதான் அது. கேட்டவுடன் உள்ளம் குளிர்கிறது; தக்பீர் முழங்குகிறது; கூட்டம் கலைகிறது. மறுநாள், அந்த முன்னோர் யாவர், அவர்கள் என்ன செய்தார்கள், எவ்வாறு செய்தார்கள் என்று வினவினால் விடை கூறுவோர் அரிதாகவே இருக்கின்றனர். எனவே இன்று பெருமை பேசுவதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, விலங்கியல், புள்ளியியல், இயந்திரவியல், வடிவக்கலை ஆகிய நான்கு துறைகளில் அவர்கள் செய்த வேலையை மட்டும் நோக்குவோம். துறைகள் நான்காயினும், அவற்றில் ஓடும் வழக்கம் ஒன்றே என்பது அப்போது விளங்கும்.

விலங்குகளை ஆராய்ந்தவர்

பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என உயிரினங்களின் பெயரைத் தாங்கிய சூராக்கள் நம் திருமறையில் உள்ளன. ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்குமாறு சூரா அல்காஷியா நம்மைத் தூண்டுகிறது. அத்தகைய சமூகத்தில் பஸரா நகரில் தோன்றியவரே அல்ஜாஹிழ். ஹிஜ்ரி 255-இல் மறைந்த இவர் முஃதஸிலாக் கொள்கையைச் சார்ந்தவர். அகீதாவில் நமக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆயினும் அவருடைய உழைப்பை மறைப்பது நீதியாகாது.

ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் ஹயவான்' என்னும் நூலில் அரபுக் கவிதைகளும், பாலைவாசிகளின் அனுபவ மொழிகளும், கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்துகளும் அருகருகே இடம்பெற்றுள்ளன. பெரிய மேதை கூறினார் என்பதற்காக அவர் எதனையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. விலங்குகளோடு பழகியவர்களின் கூற்றோடு அதனை ஒப்பிட்டு ஐயமும் எழுப்பினார்.

அவருக்குப் பின் வந்தோர் அவரையும் அவ்வாறே சோதித்தனர். காண்டாமிருகத்தின் குட்டி ஏழாண்டுகள் தாயின் கருவில் இருக்கிறது என்றும், அவ்வப்போது தலையை வெளியே நீட்டி மேய்கிறது என்றும் ஒரு செய்தி அவர் பெயரால் வழங்கிவந்தது. பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ அதனை நம்பிவிடவில்லை. வெறுமனே மறுத்துவிடவும் இல்லை. ஸீராஃப், உமான் வணிகர்களிடமும், இந்தியாவில் தாம் சந்தித்த வணிகர்களிடமும் விசாரித்தார். அவர்கள் வியப்படைந்து, பசுவும் எருமையும் ஈனுவது போன்றே அவ்விலங்கும் ஈனுகிறது என்றனர். மஸ்ஊதீ அதனைப் பதிவு செய்தார். கண்டவரிடம் கேட்டறிதல், கேட்டதை ஒப்பிடுதல், பிழையானதை விலக்குதல் என்னும் இம்முறை ஹதீஸ் கலை பயின்றோர்க்குப் புதியதன்று.

டார்வினின் கோட்பாட்டை ஜாஹிழ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டார் என்று சிலர் எழுதுகின்றனர். பிராணிகள் ஒன்றையொன்று உண்டு வாழ்வதையும், சூழல் அவற்றைப் பாதிப்பதையும் அவர் எழுதினார் என்பது உண்மை. அதனை டார்வினின் கோட்பாடாக்குவது மிகை. மிகையுரையால் முன்னோருக்குக் கண்ணியம் சேர்வதில்லை.

எழுத்துகளை எண்ணியவர்

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் அல்கிந்தீ. மறைபொருளாக எழுதப்பட்ட கடிதங்களைப் படித்தறியும் முறை குறித்து அவர் ஒரு சிறு நூல் இயற்றினார். அவருடைய வழி எளிது. ஒரு மொழியில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வருவதில்லை. எனவே அம்மொழியின் சாதாரண உரை ஒன்றை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ண வேண்டும். பின்னர் மறைகுறிக் கடிதத்தின் குறிகளையும் எண்ண வேண்டும். அங்கே மிகுதியாக வரும் எழுத்தை இங்கே மிகுதியாக வரும் குறியோடு பொருத்திப் பார்த்தால் கடிதம் படிப்படியாக விளங்கும்.

அவர் இதனைச் சொல்லில் மட்டும் விட்டுவிடவில்லை. தாமே எண்ணிக் காட்டினார். அவர் எண்ணிய 3,667 எழுத்துகளில் அலிஃப் 600 முறையும், லாம் 437 முறையும் வந்தன. திருமறையின் வசனங்களையும் எழுத்துகளையும் காரிகள் எண்ணிப் பாதுகாத்த சமூகத்தில் இவ்வெண்ணும் வழக்கம் தோன்றியதில் வியப்பில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இப்னு அத்லான் மற்றொன்றையும் சேர்த்தார். கடிதம் மிகச் சிறியதாயின் எண்ணிக்கையை நம்பலாகாது. ஏறத்தாழ 90 எழுத்துகளேனும் வேண்டும் என்றார். எத்தனை பேரை விசாரித்தால் ஊரின் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம் என்று இன்றைய புள்ளியியலார் கேட்கும் கேள்வியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இயந்திரம் சமைத்தவர்

ஆமித் என்று அன்று வழங்கப்பட்ட, இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்தவர் அல்ஜஸரீ. 1206-இல் அவர் நிறைவு செய்த நூலில் 50 கருவிகள் விளக்கப்பட்டுள்ளன. நீர்க் கடிகாரங்கள், ஒளூச் செய்வதற்கான கெண்டிகள், இரத்தம் எடுக்கும்போது அதன் அளவைக் காட்டும் பாத்திரங்கள், ஊற்றுகள், நீர் இறைக்கும் பொறிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். இரண்டு உருளைகள் கொண்ட ஒரு பொறி, சக்கரத்தின் சுழற்சியை முன்னும் பின்னும் செல்லும் அசைவாக மாற்றி நீரை உறிஞ்சி மேலேற்றியது. அவருடைய யானைக் கடிகாரத்தின் உள்ளே, அடியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று நீரில் மிதந்து, அரை மணி நேரத்தில் நிறைந்து மூழ்கும். அதன் இழுப்பால் மற்ற உறுப்புகள் இயங்கும். நம் முன்னோர் அறிந்திருந்த நாழிகை வட்டிலை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். உருவங்கள் குறித்த மார்க்கச் சட்டத்தை நாம் அறிவோம். இங்கே நாம் பேசுவது கருவியின் இயக்கத்தைப் பற்றியே.

முந்தையோரின் நூல்களில் செய்து பார்க்காமலே எழுதப்பட்ட கருவிகள் இருப்பதை அவர் கண்டார். செயலில் சோதிக்கப்படாத தொழிற்கலையில் சரியையும் தவறையும் பிரித்தறிய இயலாது என்பது அவர் கருத்து. ஆகவே அடைப்பான் நீர் கசியாது பொருந்துவதற்கு எமரித் தூளிட்டுத் தேய்ப்பது முதற்கொண்டு எழுதிவைத்தார். பின்னொருவர் படித்துச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். அதற்காகப் படங்களும் வரைந்து சேர்த்தார்.

சுவரில் கணிதம் வரைந்தோர்

பள்ளிவாசல் சுவர்களில் காணப்படும் நட்சத்திரக் கோலங்களும் ஆய்வின் விளைவே. பக்தாதின் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (940-998), கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் குறித்து நூல் எழுதினார். கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிய சபைகளில் தாம் கலந்துகொண்டதை அதில் குறிப்பிடுகிறார். மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது கேள்வி. அறிஞர் கோடு வரைந்து நிறுவினர்; ஆனால் வெட்டிப் பொருத்தும் வழி அவர்களிடம் இல்லை. கைவினைஞர் வெட்டிப் பொருத்தினர். ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய சில வழிகள் கணக்கில் பிழையாயின. அபுல் வஃபா இருவருக்கும் ஏற்ற வழியைக் காட்டினார்.

2007-இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இஸ்ஃபஹானில் 1453-ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்பே இமாம் கட்டடத்தின் கோலங்களை அவர்கள் ஆராய்ந்தனர். ஐந்து வகை வடிவத் துண்டுகளைக் கொண்டு அவை அமைக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும், மேற்கில் 1970-களில் பென்ரோஸ் கண்டறிந்த, ஒரே சீராகத் திரும்ப வராத கோல வகையை அவை நெருங்குகின்றன என்றும் காட்டினர். அக்கலைஞர்கள் இன்றைய கணிதக் கோட்பாட்டை அறிந்திருந்தார்கள் என்று இதனால் கூறிவிட இயலாது. ஆயினும் அவர்களின் கையும் கணக்கும் இணைந்தே வேலை செய்தன என்பது தெளிவு.

இரண்டாகப் பிரிந்த செல்வம்

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! இச்செல்வம் மீண்டும் உலகின் பார்வைக்கு வந்த விதத்தைச் சிந்தியுங்கள். அல்ஜஸரீயின் நூலை 1974-இல் ஆங்கிலத்தில் தந்தவர் டொனால்டு ஹில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். பொறியியலை அறிந்த அவர் அரபியையும் கற்றார். அதனால் அக்கருவிகள் அவருக்கு விளங்கின. அல்கிந்தீயின் நூல் இஸ்தன்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் ஏட்டுப் பிரதியாக இருந்தது. அரபு ஆய்வாளர்கள் அதனைச் செப்பனிட்டு 1987-இல் டமாஸ்கஸில் வெளியிட்டனர். ஒரு கை மொழியையும் மறு கை துறையறிவையும் பற்றியபோதே பூட்டுகள் திறந்தன.

நம் ஊரின் நிலை என்ன? மதரஸாவில் ஏழாண்டுகள் அரபி ஓதிப் பட்டம் பெறும் பிள்ளைக்கு, அல்ஜஸரீயின் நூலைக் கையில் கொடுத்தால் சொல் விளங்கும்; பொறி விளங்காது. கல்லூரியில் இயந்திரவியல் பயிலும் பிள்ளைக்குப் படத்தைக் காட்டினால் பொறி விளங்கும், சொல் விளங்காது. இருவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். ஸலாம் கொடுத்தபின் ஒருவர் கற்றதை மற்றவர் கேட்பதில்லை. முன்னோர் ஒரே சபையில் அமர்ந்து பேசினர். நாம் ஒரே பள்ளிவாசலில் இருந்தும் பேசாதிருக்கிறோம். தீனின் கல்வி வேறு, துன்யாவின் கல்வி வேறு என்று நாம் எழுப்பிய சுவர் இதற்குக் காரணம்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, மாதம் ஒருமுறை இஷாத் தொழுகைக்குப் பின் மதரஸா மாணவரும் கல்லூரி மாணவரும் பள்ளிவாசல் நூலகத்தில் ஒன்றாக அமர்ந்து, இத்தகைய நூலின் ஒரு பக்கத்தையேனும் சேர்ந்து படிக்க வேண்டும். இரண்டாவது, ஜமாஅத்தின் கல்வி உதவி மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டோடு நின்றுவிடலாகாது. கணக்கில் நாட்டமுள்ள பெண்பிள்ளை புள்ளியியல் படிக்க விரும்பினாலும், ஆடுமாடுகளை நேசிக்கும் பையன் கால்நடை அறிவியலை நாடினாலும், வரைகலையில் தேர்ந்தவன் கட்டடக் கலையை விரும்பினாலும் அவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். மூன்றாவது பெற்றோருக்கு: பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டி அமர்த்தாதீர்கள், விடை தெரியாவிடின், தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மஸ்ஊதீ செய்ததும் அதுவே.

முன்னோரின் பெயரைச் சொல்வதால் நாம் அவர்களின் வாரிசாகிவிட மாட்டோம். கேட்டதை விசாரித்து, எண்ணிப் பார்த்து, செய்து சோதித்து, பிறர்க்காக எழுதிவைக்கும் வழக்கமே அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. அதனைக் கையில் எடுப்பவர் எவரோ அவரே வாரிசு.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதனைக் கொண்டு மனிதகுலத்திற்குத் தொண்டாற்றும் பேற்றையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.