நெய்தலும் ஒரு பழைய கமராவும்



இலக்கிய நிகழ்ச்சியிலே கமராவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் மன்னார்த் தீவிலே பிறந்தவன். இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். உயர்தர வகுப்பு மாணவருக்கு நெய்தல் திணையைச் சொல்லிக் கொடுக்கும் நாட்களில் ஒரு பழைய கமராவையும் மேசையில் எடுத்து வைப்பது என் வழக்கம். ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்பது அதன் பெயர். எண்பதுகளில் என் மாமா வளைகுடா நாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது.

ஜப்பானிலே 1967 முதல் 1984 வரை செய்யப்பட்ட கமரா இது. பற்றரி வேண்டியதில்லை. வில்லையைச் சுற்றித் தேன்கூடு போன்ற கண்ணாடி வளையம் ஒன்று உண்டு. அதன் பின்னாலிருக்கும் செலீனியக் கலத்தில் ஒளி பட்டதும் சிறு மின்னோட்டம் பிறக்கும். எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்பதை அதைக்கொண்டு கமராவே தீர்மானிக்கும். தூரத்தைக் கணிப்பது மாத்திரமே நம் வேலை. அதற்கும் நான்கு சித்திரங்கள் இருக்கின்றன: ஒரு தலை, இருவர், சிறு கூட்டம், மலை. ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர், மூன்று மீற்றர், அதற்கும் அப்பால் என்பது பொருள். மலையே இல்லாத எங்கள் தீவிலே அந்த மலையைக் கடல் என்று வாசித்துக்கொண்டோம்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உயிர்களும் பொருட்களும் தொழில்களும் கரு. மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரி. படம் எடுக்கப் பழகுபவனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பேசாலைக் கரையில் நின்று கடலை மட்டும் எடுத்தால் அது முதற்பொருளோடு நின்றுவிடும். வள்ளமும் வலையும் காயும் கருவாடும் சேர்ந்தால் கரு வந்துவிட்டது. கரவலை இழுத்துக் களைத்துப்போன ஒருவர் மடியில் அகப்பட்ட மீனைப் பார்க்கிறாரே, அந்தப் பார்வையும் சேர்ந்தால்தான் படம் நிறைவுபெறும்.

ஒரு றோலில் 36 படங்கள்தான். வெண்பாவுக்குச் சீரும் தளையும் போல இந்த அளவும் ஒரு கட்டுப்பாடு. அழுத்துவதற்கு முன்னர் பார்க்க வைக்கும். பார்ப்பதற்கு முன்னர் காத்திருக்க வைக்கும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் வேளை என்று உரை சொல்வார்கள். தாழ்வுபாட்டுக் கரையிலே வெயில் சரிந்து இருள் கவியும்போது இந்தக் கமராவை அழுத்திப் பாருங்கள். பார்வைத் துளைக்குள் சிறிய சிவப்புக்கொடி எழும்பும், பொத்தான் இறங்காது. வெளிச்சம் போதாது என்று கமரா மறுத்துவிடுகிறது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் அந்நேரத்தில்தான் கனக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பதை எங்கள் மக்களுக்குக் காலமும் கற்பித்தது.

1990இல் மன்னார் இடம்பெயர்ந்தது. சிலர் மடுவுக்குப் போனார்கள். சிலர் படகேறித் தமிழகம் போனார்கள். எங்கள் முஸ்லிம் அயலவர் அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனார்கள். சுவரில் மாட்டிய படங்களை யாரால் கழற்றிக்கொண்டு ஓட முடியும்? எங்கள் வீட்டுப் படங்கள் வீட்டோடு போயின. ஆனால் மாமி நெகற்றிவ்களை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். அந்த ரின் துணிமூட்டையோடு வந்தது. பல ஆண்டுகளின் பின்னர் அவற்றிலிருந்து அச்சிட்ட படங்களில்தான் என் அப்பாச்சி முற்றத்தில் மீன் வெட்டுவதை என் பிள்ளைகள் கண்டார்கள்.

2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்தார்கள். மன்னாரிலும் அத்தகைய தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கையில் இருப்பவற்றில் பல, அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுத்த படங்கள். நிமிர்ந்த தலை, அசையாத கண்கள். அந்தப் பிள்ளை சிரித்தால் எப்படி இருப்பான் என்பது தாயின் நினைவில் மட்டுமே இருக்கிறது. சாதாரண நாளிலே எடுத்த ஒரு சாதாரண படத்தின் பெறுமதியை அங்கே உணர்ந்தேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய கமரா ஒன்று கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். வளையத்தை ‘ஏ’ என்ற இடத்தில் வைத்து, வெளிச்சத்தில் அழுத்தினால் சத்தம் கேட்க வேண்டும். வில்லையை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் சிவப்புக்கொடி எழும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் கலத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பின்மூடியின் ஓரத்துப் பஞ்சு உக்கிப்போயிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒளி கசியும். எங்கள் உப்புக்காற்றும் ஈரமும் வில்லையில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். வெண்மணலும் கடலும் பளபளக்கும் இடத்தில் கமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். 200 பிலிம் போட்டிருந்தால் அங்கே 100 என்று திருப்பி வைத்து எடுங்கள். றோல் முடிந்ததும் பிலிமைச் சுற்றி உள்ளே அனுப்பிய பின்னரே பின்மூடியைத் திறக்க வேண்டும்.

கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுக்கும் இளையோரே, உங்களைக் குறை சொல்லவில்லை. அவற்றில் பத்தையாவது தாளில் அச்சிடுங்கள். பின்புறத்தில் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதுங்கள். ஒரு பிரதியை இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். திருவிழாவையும் திருமணத்தையும் எல்லோரும் எடுப்பார்கள். அம்மா அடுப்படியில் நிற்பதை நீங்கள் எடுங்கள்.