கரண்டியும் காற்றும்



“எத்தனையோ நாள் செபித்துவிட்டேன் சாமி, ஒன்றுமே நடக்கவில்லை” என்று சொல்லி வருகிறவர்கள் பலர். கடவுள் செயல்படுகிறார் என்றால் அது நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இன்று ஒரு திரைப்படத்தோடு சேர்ந்து இதைச் சிந்திப்போம்.

பக்திப் படங்களில் கடவுள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். வானம் திறக்கும், ஒளி பாயும், இசை பொங்கும். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1956-இல் எடுத்த ‘ஒரு மனிதன் தப்பினான்’ என்ற படத்தில் இவை எதுவும் இல்லை. 1943-இல் லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து உண்மையிலேயே தப்பிய ஒரு பிரெஞ்சு வீரரின் கதை அது. படத்தில் அவர் பெயர் ஃபோந்தேன். அவராக நடித்தவர்கூட நடிகர் அல்லர்; மெய்யியல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர்.

படம் முழுவதும் நாம் பார்ப்பது பெரும்பாலும் கைகளையே. ஓர் இரும்புக் கரண்டியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்குகிறார். அதைக்கொண்டு கதவுப் பலகைகளின் இணைப்பை நாள்தோறும் சுரண்டுகிறார். கட்டில் கம்பியையும் கிழித்த துணியையும் முறுக்கிக் கயிறாக்குகிறார். கைதிகள் கழிவு வாளிகளைச் சுமந்துபோய்க் கொட்டும் காட்சியில் மோட்சார்ட்டின் திருப்பலி இசை எழுகிறது. அதில் பாடப்படுவது ஆண்டவரின் இரக்கத்தை மன்றாடும் பாடல். கோவிலில் கேட்கவேண்டிய பாடல் கழிவு வாளிக்கு மேல் ஒலிக்கிறது!

இத்தகைய படங்களைப் பற்றி பால் ஷ்ரேடர் 1972-இல் ஒரு நூல் எழுதினார். இவற்றின் பாணியைக் ‘கடந்தநிலைப் பாணி’ எனலாம். முதலில் அன்றாட வாழ்வை அலங்காரமின்றிக் காட்டுவது. அடுத்து, அந்த அன்றாடத்துக்குள் அடங்காத ஏதோ ஒன்று உறுத்துவது. கடைசியில் ஓர் ஆழ்ந்த அசையா நிலை. கடவுள் எப்படிப்பட்டவர் என்பதைவிட, எப்படிப்பட்டவர் அல்லர் என்பதையே நாம் அறிய முடியும் என்றார் புனித தோமா அக்குவினா. மெய்யியல் சொற்களால் செய்த இந்தப் பணிவை பிரெஸ்ஸோன் கேமராவால் செய்கிறார். காட்ட முடியாதவரைக் காட்ட முயலாமல், அவருக்கு இடம் விட்டு வைக்கிறார்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது? முதலில் தப்ப முயன்ற ஓர்சினி பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஆனால் சுவர் ஏறக் கொக்கிகள் வேண்டும் என்ற அறிவு அவனுடைய தோல்வியிலிருந்தே ஃபோந்தேனுக்குக் கிடைக்கிறது. எல்லாம் தயாரானபோது அவருடைய அறைக்குள் ஒரு சிறுவனைத் தள்ளுகிறார்கள். அவன் உளவாளியோ? கொல்வதா, நம்புவதா? நம்புகிறார். அன்றிரவு சுவரடியில் நிற்கும்போதுதான், தனியாக வந்திருந்தால் அங்கேயே நின்றுபோயிருக்கலாம் என்று உணர்கிறார். தடையாக வந்தவனே துணையாக அனுப்பப்பட்டவன்!

இந்தப் படத்துக்குத் துணைத்தலைப்பு ஒன்று உண்டு. யோவான் நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில், விரும்பிய இடத்தில் வீசும் காற்றைப் பற்றி நிக்கதேமிடம் ஆண்டவர் சொன்ன சொல் அது. காற்றை யாரும் பார்ப்பதில்லை; ஆனால் கிளை அசைகிறது. அருளும் அப்படித்தான். ஃபோந்தேன் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. கரண்டியே போதும் என்றும் இருந்துவிட முடியவில்லை.

அன்பர்களே, ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லுமுன், இந்த வாரம் உங்கள் கை செய்த வேலையைப் பாருங்கள். இடையில் வந்து நின்ற மனிதரையும் பாருங்கள். ‘தப்பினான்’ என்று படத்தின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. உயிர்ப்பை நம்பும் நமக்கும் முடிவு தெரியும். அதுவரை, நம் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைக்காதிருக்கும் வரத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.