ஆட்குறைப்பும் அதன் பிறகும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதார மந்தநிலையில் நடக்கும் ஆட்குறைப்பு பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக் கொண்டார். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல, வேதியியல் பட்டதாரி. முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தவன். அதில் பெரும்பகுதியை எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில், மற்றவர்களுடைய சர்வீஸ் புத்தகங்களோடு கழித்தவன். ஆகவே அனுபவத்தில் கண்டதையும் படித்துத் தெரிந்து கொண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கண்புரை அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். மகன் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருந்தார்கள். கவுண்டரில் கார்டை வாங்கிப் பார்த்த பெண், "இந்தப் பாலிசி இப்போது செல்லாது, அங்கிள்" என்றாள். மகனுக்கு வேலை போய் இரண்டு மாதமாகிவிட்டது என்பது அந்த மனிதருக்கு அந்தக் கவுண்டரில்தான் தெரிந்தது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடுமே என்று பையன் வீட்டில் சொல்லவில்லை. அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல், இதைக் குறிப்பிடுகிறேன். ஆட்குறைப்பு என்பது பேப்பரில் வரும் எண்ணிக்கை மட்டும் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியது இந்தச் சம்பவம்தான்.

எண்ணிக்கையும் சிறியதல்ல. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அதன் பிறகு வந்த மூன்று மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம் நாட்டில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வேலை இழந்ததாக மத்திய அரசின் தொழிலாளர் செயலகம் நடத்திய ஆய்வு கூறியது. சூரத்தில் வைரம் பட்டை தீட்டும் தொழிலாளர்கள் பட்டறைகள் மூடியதால் சௌராஷ்டிர கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். வைரத்தை வாங்குபவர் நியூயார்க்கில் கையை மடக்கினால், அடுப்பு அணைவது அம்ரேலியில்! மறுபடி 2022 நவம்பரில் மெட்டா கம்பெனி 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. இந்த இரண்டாவது அலையில் நம் வீட்டுக் குழந்தைகள் நேரடியாகவே அடிபட்டார்கள்.

சொல்லில் ஒரு குழப்பம்

பேப்பர்களில் 'லே-ஆஃப்' என்று எழுதுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் லே-ஆஃப். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும். ஆள் வேலையில்தான் இருக்கிறார். நிரந்தரமாக அனுப்பிவிடுவது 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது, மறுபடி ஆள் எடுக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை என்றெல்லாம் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. ஆனால் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களில் அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி, முன்பு 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பாதுகாப்பு 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டுமே. மேனேஜர் பதவியில் இருப்பவருக்கு இல்லை. நம் பிள்ளைகள் பெரிய பதவிப் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பெயரே சில சமயம் அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. மேலும் பல இடங்களில் நீக்குவதே இல்லை. அறைக்குள் அழைத்து, ராஜினாமாக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக் கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டபின் அது ஆட்குறைப்பே அல்ல, தானாக விலகியது என்றாகிவிடுகிறது.

கம்பெனி சேமிப்பதும் இழப்பதும்

ஆட்குறைப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்டர் இல்லாத கம்பெனி எத்தனை நாள் சம்பளம் கொடுக்கும்? ஆனால் அது முதல் மருந்தா, கடைசி மருந்தா என்பதே கேள்வி. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தலாம். மேல்மட்டத்திலிருந்து தொடங்கிச் சம்பளத்தைக் குறைக்கலாம். வேலை நேரத்தைக் குறைத்து எல்லோரையும் வைத்துக் கொள்ளலாம். ஜெர்மனியில் 2009-ல் பொருளாதாரம் சுமார் 5 சதவீதம் சுருங்கியது. ஆனால் வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஈடு செய்யும் திட்டம் அங்கே இருந்ததால் வேலையில்லாத் திண்டாட்டம் பெரிதாக உயரவில்லை. நம் நாட்டிலும் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல், 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளில் தன் ஆட்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. முன்கூட்டியே விலக இசைந்தவர்களுக்கு ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தது. குறைத்தது பெரிய எண்ணிக்கை. ஆனாலும் ஊர் கொந்தளிக்கவில்லை.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தோம். 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சுமார் 1,900 பேரை நீக்குவதாக அறிவித்தது. சீருடையோடு இளம் பெண்களும் பையன்களும் கண்ணீருடன் மும்பை விமான நிலையத்தில் நின்ற காட்சியை டி.வி.யில் பார்த்தோம். அடுத்த நாள் இரவே அத்தனை பேரையும் திரும்ப எடுத்துக் கொள்வதாகத் தலைவர் அறிவித்தார். மனம் இளகியது நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் திரும்பப் பெற முடிந்த முடிவை, முதலில் எவ்வளவு யோசித்து எடுத்திருப்பார்கள்? அந்தக் கம்பெனி 2019 ஏப்ரலில் தன் விமானங்களையே நிறுத்திவிட்டது. திடீர்க் கடுமையும் திட்டம் ஆகாது, திடீர்க் கருணையும் திட்டம் ஆகாது.

2000-01-ல் வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளியே வந்தார்கள். இந்தச் சபையிலேயே சிலர் இருக்கிறீர்கள். வெளியே வேறு வேலை கிடைக்கும் என்ற தைரியம் உள்ளவர்தான் முதலில் விண்ணப்பம் கொடுப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

போனவர்களைப் பற்றிப் பேசுகிறோம். தங்கியவர்களின் நிலை என்ன? எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. உருக்கிய கண்ணாடியைச் சட்டென்று ஆறவிட்டால், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பிறகு ஒரு நாள் சின்னத் தட்டலில் உடைந்து போகும். அதனால்தான் கண்ணாடித் தொழிற்சாலைகளில் தனி உலையில் வைத்து மெதுவாக ஆறவிடுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் காலையில் வந்து மத்தியானம் காணாமல் போனதைப் பார்த்தவர், அடுத்து நாமோ என்று பயந்து கொண்டே வேலை செய்கிறார். தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லித் தர மாட்டார். தவறு நடந்தால் மறைப்பார். நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கணக்கில் தெரியும்; இந்த நஷ்டம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தெரியாது.

என்னுடைய தவறு

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980-களில் ஒரு திட்ட அலுவலகத்தை மூடும் பொறுப்பு எனக்கு வந்தது. தற்காலிக ஊழியர்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். விதிப்படி நோட்டீஸ், விதிப்படி பணம், சீனியாரிட்டி லிஸ்ட் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அந்தக் கடிதங்களைப் பியூனிடம் கொடுத்து வினியோகிக்கச் சொல்லிவிட்டு, நான் மீட்டிங் என்று வெளியே போய்விட்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வந்தார். "ஸார், ஆபீஸ் மூடுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். ஆடிட்டில் ஒரு ஆட்சேபணை கூட வரவில்லை. அந்த வார்த்தைக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இன்று ஈ-மெயிலில் நீக்குகிறார்கள், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை முடக்கி நீக்குகிறார்கள் என்று கேள்விப்படும்போது, அந்தப் பியூனின் நினைவுதான் வருகிறது. கருவி மாறியிருக்கிறது, கோழைத்தனம் அதேதான். மனிதவளத் துறையில் பணிபுரியும் இளைஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள்: எத்தனை பேர் என்பது உங்கள் கையில் இருக்காது, எப்படி என்பது உங்கள் கையில் இருக்கும். காரணத்தை நேரில் சொல்லுங்கள். யாரை, எந்த அடிப்படையில் என்று விளக்குங்கள். கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்காமல் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கம்பெனி இன்ஷூரன்ஸை மட்டும் நம்ப வேண்டாம். வேலையில் இருக்கும்போதே பெற்றோருக்கும் சேர்த்துத் தனிப் பாலிசி எடுத்து வைப்பது நல்லது. வயதும் வியாதியும் ஏறிய பிறகு பாலிசி கிடைப்பது கஷ்டம்.

2. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் தேவையான பணம், உடனே எடுக்கக் கூடிய வகையில் இருக்க வேண்டும்.

3. ராஜினாமாவில் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டாம். படித்துப் பார்க்க அவகாசம் கேட்கலாம். விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம். அனுபவச் சான்று, கிராஜுவிட்டி, பி.எஃப். விவரங்களை எழுத்தில் பெற வேண்டும்.

4. நான்காவது பெரியவர்களாகிய நமக்கு. வேலை போனது பையனுடைய தகுதிக் குறைவு அல்ல. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் போட்ட கணக்கின் விளைவு. கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் "இப்போ எந்தக் கம்பெனி? எவ்வளவு பேக்கேஜ்?" என்று கேட்பதை நாம் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பையன் இரண்டு மாதம் வீட்டில் பொய் சொன்னான்.

அந்தப் பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பென்ஷன் பணத்தில் கட்டினார். பையன் வேறு வேலைக்கு முயன்று கொண்டிருக்கிறான். "இப்போது தினமும் சாயங்காலம் எந்த இன்டர்வியூ எப்படிப் போயிற்று என்று எங்களிடம் சொல்கிறான்" என்றார். சங்கத்தில் பெரிய உத்தியோகங்களில் இருப்பவர்கள் பலர் உண்டு. வேலை தேடும் நம் குழந்தைகளின் விவரங்களைச் செயலாளரிடம் கொடுத்தால், தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல நம்மால் முடியும்.