உறை மோரும் ஜமக்காளமும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே நாள்தோறும் நடைபெறும் ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு விலையும் இல்லை, கணக்கும் இல்லை. அது உறை மோர். பாலைக் காய்ச்சி ஆற்றிய பின்னர்தான் வீட்டில் உறை மோர் தீர்ந்துவிட்டது நினைவுக்கு வரும். கிண்ணத்துடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அரைக் கரண்டி மோர் கிடைக்கிறது. அதனைத் திருப்பிக் கேட்பார் எவருமில்லை. ஆயினும் வாங்கியவர் வாங்கிய கையோடு போய்விடுவதில்லை. ஊரில் மழை உண்டா, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா, பையனுக்குப் பரீட்சை எப்போது என்று பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டே போகிறார். மோர் அரைக் கரண்டி. பேச்சு பத்து நிமிஷம். இந்த விகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுமென 1911-இல் அறிவிக்கப்பட்டு, 1931-இல் புதுதில்லி முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. அரசாங்கத்தின் பின்னே எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களுமாகத் தமிழர் பலர் வந்து சேர்ந்தனர். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. சங்கத்தின் விழாக்களும் சொற்பொழிவுகளும் சிறப்புடையனவே. எனினும் அன்றாட உறவை வளர்த்தது சபைமேடையன்று. அரசுக் குடியிருப்புகளின் மாடிப்படியும், முன்னிருந்த புல்தரையுமே என்று கூறினால் மிகையாகாது. ஜனவரி மாதத்து வெயிலில் பாய் விரித்து வற்றலைக் காயவைத்துக்கொண்டு பேசியவர்கள், தாம் ஊர்த் திண்ணையைவிட்டு வந்தவர்கள் என்பதையே மறந்திருந்தனர்.

அரசுப் பணியில் உள்ளோருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. எவருடைய வீடும் எவருக்கும் சொந்தமன்று. ஆண்டுதோறும் சிலர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ புறப்படுகின்றனர். சிலர் புதிதாக வருகின்றனர். புறப்படுகிறவர் சென்னைக்குப் போகிறார். இங்கே இருபது குளிர்காலம் தாங்கிய ரஜாய் அவருக்கு அங்கே எதற்கு? அறையைச் சூடாக்கும் ஹீட்டரும், பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளும் அங்கே பரணில் கிடந்து பூச்சி அரிக்கத்தான் பயன்படும். அதே வேளையில் திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ முதன்முறையாக நவம்பர் மாதத்தில் வந்திறங்கும் இளங் குடும்பத்திடம் பருத்திப் போர்வைக்கு மேல் ஒன்றும் இராது. டிசம்பர் முடிவில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கும்போதுதான் அவர்களுக்குத் தில்லி என்றால் என்னவென்று தெரியவரும். போகிறவரிடம் இருப்பது எதுவோ அதுவே வருகிறவருக்குத் தேவை. இவ்வளவு பொருத்தமான இருவர் ஒருவரையொருவர் அறியாமலிருப்பதால், ரஜாய் கபாடிக்காரரின் தராசுக்குப் போகிறது. புதியவர் கடைக்குப் போகிறார்.

முன்னாளில் இவ்விருவரையும் மாடிப்படி சேர்த்து வைத்தது. இன்று அந்த மாடிப்படிகள் மறைந்து வருகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. தாழ்ந்த பழைய வீடுகள் இருந்த இடங்களில் வானளாவிய அடுக்கு மாடிகள் எழுகின்றன. அவற்றில் வசதி மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. பழைய வீட்டின் ஒழுகும் கூரையை யாரும் நினைத்து ஏங்கவில்லை. ஆனால் மின்தூக்கியில் பதினொன்றாம் மாடிக்குப் போகும் நேரத்தில் உறை மோர் கேட்கும் அளவுக்கு எவரோடும் பழக முடியாது.

ஆகவே எங்கள் அடுக்ககத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று கீழ்த்தளத்துத் தூண்களுக்கிடையே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து வருகிறோம். தமக்கு வேண்டாத, ஆனால் பழுதில்லாத பொருளை அதன்மேல் வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வைத்தவர்தான் எடுக்க வேண்டுமென்பதில்லை. முதலிரண்டு மாதங்களில் வந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டனர். அதன் பின்னர் ஒரு விதி செய்தோம்: பத்து மணிமுதல் பதினொரு மணிவரை பிளாஸ்கில் வந்த காப்பியும் பேச்சும் மட்டுமே, பொருளைத் தொடலாகாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் யாருக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது, யார் கேரியரில் சாப்பாடு வரவழைத்து உண்கிறார் என்பவை தெரியவருகின்றன. தொட்டிலும் இட்லிக் குண்டானும் தாமாகவே உரியவரைச் சென்றடைகின்றன. மின்சாரப் பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். பழைய எரிவாயுக் குழாயையும் காலங்கடந்த மருந்தையும் ஏற்பதில்லை. எவரும் எடுக்காததை வைத்தவரே திரும்பக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒன்றைத் தளர்த்தினால் ஜமக்காளம் ஒரே மாதத்தில் குப்பைமேடாகிவிடும்.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்திருந்ததை வைத்துச் சென்றார். அது இப்போது ஏழாவது வீட்டில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வழக்கு ஜமக்காளத்தில் இன்னும் முடிவடையவில்லை.

இதற்கு என்ன பெயரிடுவது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கே தகுந்த சொல் கிட்டவில்லை. ‘பண்டமாற்று’ என்றால் உமணர் உப்பை நெல்லுக்கு அளந்த நினைவு வருகிறது. அங்கே அளவு உண்டு. ‘கொடுக்கல் வாங்கல்’ என்றால் வட்டியும் உடன் வருகிறது. மொய் என்பதும் அழகிய வழக்கமே. ஆயினும் மொய்க்கு நோட்டுப் புத்தகம் உண்டு, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். நோட்டுப் புத்தகமே இல்லாத இதனைக் குழந்தைகள் ‘ஜமக்காளம்’ என்றே அழைக்கின்றனர். எங்களுக்கும் அதுவே போதும்.

இனிக் கூறப்போவது சற்றுக் கடினமான செய்தி. கொடுப்பது எளிது, பெறுவதற்கே கூச்சம். அதனினும் அரியது, எவருக்குக் கொடுத்தே பழகினோமோ அவரிடமிருந்து பெறுவது. எங்கள் வீடுகளில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்மணிகள் சிலர், ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டிப் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி காம்ப்பில் வசித்தவர்கள். பழைய புடவையும் மிஞ்சிய பலகாரமும் அடுக்களை வாயிலில் அவர்கள் கைக்குப் போவதுதான் வழக்கம். ஒரு ஞாயிறன்று அவர்களுள் ஒருவர் பித்தளை இடியாப்ப உழக்கு ஒன்றைப் புளியிட்டுத் துலக்கிக் கொண்டுவந்து ஜமக்காளத்தின்மேல் வைத்தார். சிறிது நேரம் எவரும் அசையவில்லை. பின்னர் ஓர் உயர் அதிகாரியின் இளம் மனைவி, “அக்கா, இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். “எடுத்துக்கோம்மா, மாவைக் கொதிதண்ணியில பிசையணும், அப்பத்தான் பிழியும்” என்றார் கொடுத்தவர். அன்று பேச்சு பன்னிரண்டு மணிவரை நீண்டது. அடுத்த மாதம் அவரோடு மூவர் வந்தனர்.

உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அந்தக் காம்ப் 2025 ஜூன் மாதம் அகற்றப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடிப் பிரிந்தனர். இடியாப்ப உழக்குத் தந்தவர் இப்போது நரேலாவில் இருக்கிறார். அங்கிருந்து காலை வேலைக்கு இங்கே வருவது இயலாதென நின்றுவிட்டார். ஜமக்காளத்துக்கு மட்டும் இருமுறை பஸ் ஏறி வந்தார்.

மும்பையின் மாட்டுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் இருந்து இதனைக் கேட்கும் நேயர்களுக்கு ரஜாயின் அருமை தெரியாமலிருக்கலாம். ஆனால் போகிறவரும் வருகிறவரும், மேல்மாடியும் அடுக்களை வாயிலும் எல்லா ஊர்களிலும் உண்டு.

எங்கள் ஜமக்காளம் வரும் நவம்பரில் நரேலாவில் விரிக்கப்படுகிறது. என்ன வேண்டும், என்ன தர இருக்கிறது என்று எழுதிக் கேட்டிருந்தோம். ரஜாய் நான்கு, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இரண்டு வேண்டுமென்றும், தையல் இயந்திரம் ஒன்றும் குழந்தைக்கான நடைவண்டி ஒன்றும் தர இருக்கின்றன என்றும் பதில் வந்தது. அதன் அடியில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: “பிளாஸ்க் கொண்டுவர வேண்டாம், காப்பி எங்களுடையது.”